ரெக்கார்ட் நோட் எழுதுற மாதிரி டைவ் லாக் எழுதாதீங்க

முதல்ல ஒரு கேள்வி. ஃபிசிக்ஸ் லேப்ல ஸ்க்ரூ கேஜ் ரீடிங் சரியா வரலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? திரும்ப அளப்பீங்களா, இல்ல பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்டோட அப்சர்வேஷனைப் பார்த்து விடையிலிருந்து பின்னாடி கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதிடுவீங்களா?

பதில் வேண்டாம். நாலு வருஷமா நானும் அதேதான் பண்ணினேன். ரெக்கார்ட் நோட் அழகா இருக்கும், கிராஃப் வழுக்கிட்டுப் போகும், கையெழுத்தும் கிடைச்சுடும். பிரச்சினை என்னன்னா, அந்தப் பழக்கம் லேப் வாசலோட நிக்கறதில்ல. என் விஷயத்துல அது கடலுக்குள்ள வரைக்கும் வந்துச்சு. அதனாலதான் இந்தக் கட்டுரை.

நான் விருத்தாசலம். எங்க ஊர்ல இருந்து கடல் பார்க்கணும்னா கடலூருக்கோ புதுச்சேரிக்கோ போகணும். இன்டர்ன்ஷிப்ல கிடைச்ச பணத்துல புதுச்சேரியில ஸ்கூபா டைவிங் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிச்சேன். முதல்ல நீச்சல் குளத்துல பயிற்சி, அப்புறம் கடல்ல நாலு டைவ். கையில ஒரு சின்ன லாக் புக் கொடுத்தாங்க. அதுல நான் எழுதினதை அப்படியே சொல்றேன்: "டைவ் 1: செம! லயன் ஃபிஷ் பார்த்தேன்." "டைவ் 3: ரெண்டு ஈல். தண்ணி கலங்கல்." அவ்ளோதான். ஆழம், நேரம் ரெண்டையும் இன்ஸ்ட்ரக்டர் சொன்னதைக் கேட்டு நிரப்பினேன். மத்த கட்டமெல்லாம் காலி.

ஏழு மாசம் கழிச்சு அஞ்சாவது டைவுக்கு வேற ஒரு இடத்துக்குப் போனேன். அங்க கைடு கேட்ட முதல் கேள்வி: "எத்தனை கிலோ வெயிட் போடுவீங்க?" நான் யோசிக்காம "நாலு"ன்னு சொன்னேன். ஏன்னா மனசுல இருந்தது நாலுதான்.

அந்த நாலு, நீச்சல் குளத்தோட நாலு. கடல்ல இன்ஸ்ட்ரக்டர் எனக்கு ஆறு கிலோ கட்டி விட்டிருந்தார். நான் கவனிக்கவும் இல்ல, எழுதவும் இல்ல.

ரெண்டு கிலோ என்ன பண்ணும்?

நாம எல்லாரும் ஆர்க்கிமிடீஸ் படிச்சவங்க. கடல் தண்ணி நல்ல தண்ணியை விட சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி அதிகம். நீங்களும் சிலிண்டரும் சாமானும் சேர்ந்து ஒரு 85 கிலோன்னு வச்சுக்குங்க. குளத்துல சரியா இருந்த எடையோட கடலுக்குப் போனா, இன்னும் சுமார் 2 கிலோ சேர்த்தாத்தான் அதே நிலை வரும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. இங்க பெரும்பாலும் கொடுக்கறது 11 லிட்டர் அலுமினியம் சிலிண்டர். 200 பார் அழுத்தத்துல அதுக்குள்ள இருக்கிறது சுமார் 2,200 லிட்டர் காற்று. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். அப்போ 150 பார் காற்றை நாம சுவாசிச்சு முடிக்கும்போது சிலிண்டர் சுமார் 2 கிலோ எடை குறைஞ்சிருக்கும். டைவ் ஆரம்பத்துல நீங்க சரியா மூழ்குறீங்கங்கிறதால கடைசியில சரியா நிப்பீங்கன்னு அர்த்தம் கிடையாது.

எனக்கு அதுதான் நடந்துச்சு. ஆரம்பத்துல கொஞ்சம் திணறித்தான் கீழ போனேன். கீழ போனதும் வெட்சூட் அழுத்தத்துல சுருங்கி, மிதக்கவைக்கிற சக்தி குறைஞ்சதால ஒண்ணும் தெரியல. திரும்பி வரும்போது 5 மீட்டர் ஆழத்துல 3 நிமிஷம் நிக்கணும். அதுக்குப் பேரு சேஃப்டி ஸ்டாப். உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் மெதுவா வெளியேறுறதுக்காக. சிலிண்டர்ல 60 பார். என்னால நிக்க முடியல. ஜாக்கெட்ல இருந்த காத்தையெல்லாம் விட்டும் பலூன் மாதிரி மேல போறேன். பட்டி என் காலைப் பிடிச்சான். அரை நிமிஷம் தாக்குப்பிடிச்சிருப்போம். அப்புறம் வழுக்கிட்டு நேரா மேல போயிட்டேன்.

5 மீட்டர்தானேன்னு நினைக்காதீங்க. 5 மீட்டர்ல அழுத்தம் 1.5 பார், மேல 1 பார். நுரையீரல்ல இருக்கிற காற்று ஒண்ணரை மடங்கு விரியும். பயத்துல மூச்சை அடக்கியிருந்தா நுரையீரல் கிழிஞ்சிருக்கலாம். கோர்ஸ்ல சொல்லிக் கொடுத்த முதல் விதி, மூச்சை அடக்கவே கூடாதுங்கிறது. அது மட்டும் எப்படியோ ஞாபகம் இருந்துச்சு. ஒண்ணும் ஆகல.

கேவலமான பகுதி இனிமேதான். அன்னைக்கு சாயங்காலம் டீ குடிச்சுட்டே லாக் புக் எழுதினோம். சேஃப்டி ஸ்டாப்னு ஒரு கட்டம். நான் "5 மீட்டர், 3 நிமிஷம்"னு எழுதினேன். ஏன்னா பக்கத்துல எல்லாரும் அதைத்தான் எழுதினாங்க. கையெழுத்தும் வாங்கிட்டேன். அப்சர்வேஷன் நோட்ல ரீடிங் போட்ட அதே கை.

சூளைக்காரர் நோட்டு

இதை நான் மறந்தே போயிருப்பேன். எங்க சித்தப்பா ஊர்ல ஒரு பீங்கான் யூனிட்ல சூளை பார்க்கிறவர். விருத்தாசலம் பீங்கான் ஊருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கொலு பொம்மை, ஜாடி, உங்க வீட்டு மெயின் போர்டுல இருக்கிற வெள்ளை ஃபியூஸ் கேரியர் எல்லாம் இங்க செய்யுறாங்க. பீங்கான் தொழில்நுட்பத்துக்குன்னே ஒரு அரசுக் கல்வி நிறுவனமும் இங்க இருக்கு.

தீபாவளி லீவுல ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். சூளை பக்கத்துல ஆணியில ஒரு நீள நோட்டு தொங்குது. சும்மா புரட்டினேன். மணிக்கு ஒரு தடவை வெப்பநிலை, எவ்வளவு எரிபொருள், எந்தத் தட்டுல என்ன சரக்கு, அன்னைக்கு மழையா வெயிலா, கடைசியில எத்தனை உடைசல். ஒரு பக்கத்துல உடைசல் ரொம்ப அதிகம். பக்கத்துல அவர் கையெழுத்துல இருந்தது: "ஆர்டர் அவசரம். சூடு ஆறுறதுக்கு முன்ன கதவைத் திறந்தேன். என் தப்பு."

"சித்தப்பா, இதை ஓனர் பார்ப்பாரே?"

"பார்ப்பாரு. திட்டுனாரு."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"எழுதலன்னா அடுத்த தடவை மண்ணு சரியில்லன்னு நினைச்சு மண்ணை மாத்துவாங்கடா. மண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

எனக்கு அப்போ ஒண்ணும் பெருசா தோணல. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தப்போதான் தெரிஞ்சது: பீங்கான்ல இருக்கிற குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸ்ல படிக அமைப்பு மாறும், கன அளவும் சட்டுனு மாறும். அந்த இடத்தை வேகமாத் தாண்டினா விரிசல் விழும். சித்தப்பாவுக்கு குவார்ட்ஸ்னு பேர் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. ஆனா எந்த இடத்துல அவசரப்படக் கூடாதுன்னு அவர் நோட்டுக்குத் தெரியும்.

அன்னைக்கு ராத்திரிதான் என் லாக் புக்கை எடுத்துப் பார்த்தேன். அடுத்த தடவை நான் இந்தப் பக்கத்தைப் பார்த்து "எத்தனை கிலோ?"ங்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா? முடியாது. வெயிட் எழுதல. சேஃப்டி ஸ்டாப் நல்லா நடந்ததா பொய் வேற எழுதியிருக்கு. அதை நம்பி இன்னொரு தடவை நாலு கிலோவோட இறங்கியிருப்பேன்.

கடலடி நோட்டு நமக்குப் புதுசு இல்ல

தண்ணிக்குள்ள போனவன் பார்த்ததை எண்ணி எழுதி வைக்கிறது ஏதோ வெளிநாட்டு ஃபேஷன்னு நினைக்க வேண்டாம். தூத்துக்குடி கடல்ல முத்துச்சிப்பி வளர்ற பாறைத் தளங்களுக்கு "பார்"னு பேரு. தொள்ளாயிரம் பார் அதுல ரொம்பப் பிரபலமானது. வெள்ளைக்காரன் காலத்துல முத்துக்குளிப்பு நடத்தலாமா வேண்டாமான்னு முடிவெடுக்க, முதல்ல சில குளியாட்களை இறக்கிப் பார்ப்பாங்க. ஒரு முங்குக்கு எத்தனை சிப்பி வருது, அதோட வயசு என்ன, மாதிரிச் சிப்பிகள்ல எவ்வளவு முத்து கிடைக்குது, இதெல்லாம் கணக்கெழுதுவாங்க. சிப்பி இளசா இருந்தா அந்த வருஷம் குளிப்பு கிடையாது. அதாவது ஒரு ஆளோட ஒரு முங்குல கிடைச்ச எண்ணிக்கையை வச்சு ஒரு சீசனையே முடிவு பண்ணினாங்க. அந்த எண்ணிக்கையைக் கூட்டி எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல.

அதுக்கப்புறம் 1960கள்லயே மகாதேவன், நாகப்பன் நாயர்னு ரெண்டு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சியாளர்கள் தூத்துக்குடிக் கடல்ல தண்ணிக்குள்ள இறங்கிப் பார்த்ததைத் தொடர் ஆய்வுக் கட்டுரைகளா எழுதினாங்க. பாறை எப்படி இருக்கு, எந்த உயிரினம் எங்க இருக்குன்னு. மன்னார் வளைகுடாவுல பவளப்பாறைகள் வெளுத்துப் போறதைப் பத்தி இன்னைக்குப் பேசும்போது, முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு ஒப்பிடறதுக்கு இந்த மாதிரி பழைய குறிப்புகள்தான் கையில இருக்கு. நீங்க எழுதுற "தண்ணி 30 டிகிரி, பார்வை தூரம் 6 மீட்டர்" கூட இன்னும் இருபது வருஷம் கழிச்சு யாருக்காவது உதவலாம். உண்மையா இருந்தா மட்டும்.

சரி, என்னதான் எழுதணும்?

புதுசா டைவ் பண்றவங்களுக்கு என் பட்டியல் இது. நான் நிபுணன் இல்ல. தப்பு பண்ணினவன்.

1. எடை. எத்தனை கிலோ, எங்க கட்டினீங்க, வெட்சூட் எத்தனை மில்லிமீட்டர், என்ன சிலிண்டர், நல்ல தண்ணியா உப்புத் தண்ணியா. முக்கியமா, டைவ் கடைசியில 50 பார் இருக்கும்போது 5 மீட்டர்ல நிக்க முடிஞ்சதான்னு ஒரு வரி. "6 கிலோ, சரி" அல்லது "6 கிலோ, கொஞ்சம் அதிகம்." லாக் புக்ல ஒரே ஒரு விஷயம்தான் எழுத முடியும்னா இதை எழுதுங்க.

2. காற்று. ஆரம்ப பார், முடிவு பார், சராசரி ஆழம், நேரம். இந்த நாலும் இருந்தா உங்க மூச்சுக் கணக்கைப் போட்டுடலாம். உதாரணம்: 200ல ஆரம்பிச்சு 60ல முடிச்சீங்க. 140 பார், 11 லிட்டர் சிலிண்டர், மொத்தம் 1,540 லிட்டர். சராசரி ஆழம் 12 மீட்டர்னா அழுத்தம் 2.2 பார். நேரம் 35 நிமிஷம். 1,540ஐ 2.2 பெருக்கல் 35ஆல் வகுத்தா நிமிஷத்துக்கு 20 லிட்டர். இதுதான் மேல்மட்டத்துல உங்க செலவு. இப்போ 18 மீட்டர்ல அழுத்தம் 2.8 பார், அதனால நிமிஷத்துக்கு 56 லிட்டர் போகும். 50 பார் மிச்சம் வைக்கணும்னா உங்ககிட்ட இருக்கிறது 1,650 லிட்டர். மேல ஏறி வர்ற நேரத்தையும் சேர்த்தே அரை மணி நேரம் கூட வராது. தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல பாதி மார்க் வாங்கினவங்க கூட இந்தக் கணக்கைப் போடலாம்.

3. தண்ணிய விட்டு வெளிய வந்த மணி. இதை நிறைய பேர் விட்டுடறாங்க. ஒரு டைவ் முடிச்சா குறைஞ்சது 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேல பண்ணியிருந்தா 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாதுன்னு பொதுவா சொல்ற விதி. நமக்கு விமானம் எங்கன்னு கேட்பீங்க. மலைக்கும் அதே பிரச்சினைதான். காலையில புதுச்சேரியில டைவ், மதியம் விருத்தாசலம், சேலம் வழியா சாயங்காலம் ஏற்காடுன்னு டூர் பிளான் போடுற கூட்டம் நம்ம காலேஜ்ல இருக்கு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டர். விமானத்துக்குள்ள இருக்கிற அழுத்தமும் ஏறக்குறைய அந்த உயரத்து அழுத்தம்தான். உடம்புல மிச்சம் இருக்கிற நைட்ரஜன் அங்க குமிழியாகலாம். மூட்டு வலின்னு டாக்டர்கிட்ட போனா அவருக்கு முதல்ல தேவைப்படறதும் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எப்போ வெளிய வந்தீங்கங்கிறதுதான்.

4. உடம்பு. காது வலிச்சதா, எந்தப் பக்கம், எந்த ஆழத்துல? தலைவலியா? குளிர்ந்துச்சா? முந்தின நாள் தூங்கினீங்களா? மூணு டைவ் தொடர்ந்து இடது காதுன்னே எழுதியிருந்தா, அது தற்செயல் இல்ல. காது டாக்டரைப் பாருங்க.

5. சாமான். மாஸ்க்ல தண்ணி வந்ததா, துடுப்பு லூசா, ரெகுலேட்டர் கசிஞ்சதா? வாடகைச் சாமான்னா சைஸ் எழுதுங்க. அடுத்த கடையில "மீடியமா லார்ஜா"ன்னு முழிக்க வேண்டாம்.

6. கடல். இடம், நீரோட்டம், பார்வை தூரம், வெப்பநிலை. வடகிழக்குப் பருவமழைக்கு அப்புறம் ஆத்துத் தண்ணி கலந்து கலங்கலா இருந்ததுன்னா அதையும்.

7. ஒரு தப்பு. ஒவ்வொரு டைவுக்கும் ஒண்ணாவது. "ரொம்ப வேகமா ஏறினேன்." "பட்டியை ரெண்டு நிமிஷம் காணல, யார்கிட்டயும் சொல்லல." தப்பே இல்லைன்னா கவனிக்கலைன்னு அர்த்தம்.

மீனைப் பத்தி? தாராளமா எழுதுங்க. கடைசியில எழுதுங்க.

"அதான் டைவ் கம்ப்யூட்டர் இருக்கே?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும், நானே கேட்டிருக்கேன். கையில கட்டுற கம்ப்யூட்டர் ஆழம், நேரம், வெப்பநிலை, ஏறின வேகம் எல்லாத்தையும் சில நொடிக்கு ஒருதடவை பதிவு பண்ணும். நம்மள விட நேர்மையாப் பதிவு பண்ணும், அதையும் ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, நம்மள மாதிரி வாடகைக்கு எடுக்கிறவங்க அதைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடறோம். டேட்டா கடையிலயே தங்கிடும். ரெண்டு, 5 மீட்டர்ல இருந்து நான் திடீர்னு மேல போனது அந்த கிராஃப்ல இருக்கும், காரணம் இருக்காது. நாலு கிலோன்னு அதுக்குத் தெரியாது. ஏழு மாசம் டைவ் பண்ணலைங்கிறதும், கைடு கேட்டப்போ தெரியலைன்னு சொல்ல வெட்கப்பட்டதும் தெரியாது.

உண்மையை எழுதினா அடுத்த இடத்துல நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்கன்னு ஒரு கூச்சம் இருக்கும். எனக்கும் இருந்துச்சு. அந்த ஊர்ல யாரும் என்னை மறுபடி பார்க்கப் போறதில்ல, ஆனாலும் இருந்துச்சு. ரெக்கார்ட் நோட்ல தப்பான ரீடிங் எழுதினா ரிப்பீட் வரும்கிற பயம் பள்ளிக்கூடத்துல இருந்தே நமக்குள்ள இருக்கு. சரியான விடைக்குத்தான் மார்க், சரியா அளந்ததுக்கு இல்லன்னு பழக்கிட்டாங்க. நாமளும் பழகிட்டோம். இன்னும் ஆறு மாசத்துல நம்மள்ல சில பேர் பாய்லர் பக்கத்துல, சில பேர் பாலத்துக்கு அடியில, சில பேர் சர்வர் ரூம்ல நிப்போம். அங்கயும் ஒரு லாக் புக் தொங்கும். ராத்திரி ஷிப்ட்ல ரீடிங் எடுக்காம, முந்தின மணி நேரத்து நம்பரையே கொஞ்சம் மாத்தி எழுதுற ஆளா நாம இருக்கப் போறோமா? டைவிங் ஆசை இல்லாதவங்களும் இதைப் படிக்கணும்னு நான் நினைக்கிறது அதனாலதான்.

என் லாக் புக்ல அஞ்சாவது டைவ் பக்கத்தை இப்போ திருத்திட்டேன். ஒயிட்னர் போடல, ஒரு கோடு போட்டு அடிச்சிருக்கேன், பழசும் தெரியுது. பக்கத்துல: "சேஃப்டி ஸ்டாப் நிக்கல. சுமார் அரை நிமிஷம்தான். 4 கிலோ போதல, கடல்ல 6 வேணும். கேட்டப்போ தெரியலைன்னு சொல்லியிருக்கணும். என் தப்பு." கடைசி ரெண்டு வார்த்தை சித்தப்பாகிட்ட இருந்து எடுத்தது.

செமஸ்டர் முடிஞ்சதும் மறுபடி புதுச்சேரி போறேன். கைடு எத்தனை கிலோன்னு கேட்டா அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிட்டு, இறங்கறதுக்கு முன்னாடி ஒருதடவை செக் பண்ணிப் பார்த்துடலாம்னு சொல்லப் போறேன். ஆறாவது பக்கம் இன்னும் காலியா இருக்கு.